உஷார்! உங்கள் கடுவன் பூனை இன்று சிறுநீர் கழித்ததா?

உங்கள் வீட்டில் கடுவன் பூனை இருக்கிறதா? அப்படியானால் மேற்கொண்டு படிப்பதற்குமுன் எழுந்துபோய் அதன் மண் தொட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். வழக்கமாக நனைந்திருக்கும் அளவுக்கு மண் நனைந்திருந்தால் நல்லது. மண் காய்ந்து கிடந்தாலோ, பூனை தொட்டிக்குள் உட்கார்ந்து முக்கிவிட்டு ஒன்றும் வராமல் வெளியேறிப் பத்து நிமிடத்தில் மறுபடி போய் உட்கார்ந்தாலோ, நாலே நாலு சொட்டு மட்டும் விட்டிருந்தாலோ, அதில் இரத்தம் கலந்திருந்தாலோ, இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிடுங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். மிச்சத்தை வந்து படித்துக்கொள்ளலாம்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கடுவன் பூனைக்குச் சிறுநீர் முழுதாக அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடலாம். நாளைக் காலை பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை போகட்டும், பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போடும் நோய் இல்லை இது. அதைவிடக் கொடுமை என்னவென்றால், இந்த நோய் முதலில் நோயாகத் தெரிவதே இல்லை. பூனை சேட்டை செய்வதுபோலத் தெரியும். படுக்கையில் பெய்துவிட்டது, பாயை நாசமாக்கிவிட்டது, கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறது, கட்டிலுக்கடியில் போய் முறைக்கிறது என்றுதான் நமக்குத் தோன்றும். நாமும் திட்டுவோம். நான் திட்டினேன்.

எங்கள் வீட்டில் சோமு என்று ஒரு மஞ்சள் கடுவன் இருந்தான். நான்கு வயது. குட்டியாக இருந்தபோது மழையில் நனைந்து மாடிப்படிக்குக் கீழே கிடந்தவன். வீட்டுக்கு வருகிறவர்கள் யார் மடியிலும் உட்கார மாட்டான். நான் அரிசி களையும்போது மட்டும் காலடியில் வந்து சுருண்டுகொள்வான். அந்த வருஷம் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். கட்டிலும் பீரோவும் இடம் மாறின. குளியலறையில் இருந்த அவனுடைய மண் தொட்டியை, விருந்தாளிகள் வருகிறார்களே என்று, பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். ஊரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்தது, மூன்று பிள்ளைகள். தெருவில் சரவெடி. பால்கனியில் சாரல்.

சோமு தொட்டிக்குப் போவதை நிறுத்திவிட்டான். எனக்கு அது தெரியவே இல்லை. முறுக்கு பிழியவும் அதிரசம் சுடவும் நேரம் சரியாக இருந்த வீட்டில் பூனை ஒண்ணுக்குப் போனதா என்று நான் பார்க்கவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் என் மாமியாரின் பாயில் நாலு சொட்டு விட்டிருந்தான். "பாத்தியா திமிர! நாலு பேர் வந்தா இதுக்குப் பொறுக்கல" என்றார் அத்தை. நான் அவனை இழுத்துவந்து, அந்த ஈரத்தில் மூக்கைக் காட்டி அதட்டினேன். சாயங்காலம் குளியலறை மூலையில் உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தான். "மலச்சிக்கலா இருக்கும், கொஞ்சம் விளக்கெண்ணெய் குடு" என்றார்கள். கொடுத்தேன். மறுநாள் விடிகாலை எண்ணெய்க் குளியல் அமளியில் அவன் கட்டிலுக்கடியில் இருந்தான். மத்தியானம் வாந்தி எடுத்தான். வெடிச்சத்தத்துக்குப் பயந்துவிட்டான் என்று நினைத்தேன். சாயங்காலம் வெளியே எடுத்தால் உடம்பு சில்லென்று இருந்தது. வயிற்றில் கை வைத்தால் சாத்துக்குடி அளவுக்கு ஒன்று கல்லாக இடித்தது.

பண்டிகை நாளில் திறந்திருக்கும் மருத்துவமனையைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. டாக்டர் வயிற்றைத் தொட்டார், நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். "மூத்திரம் அடைச்சு ரெண்டு நாள் ஆயிருக்கும்மா. நேத்தே தூக்கிட்டு வந்திருக்கணும்" என்றார். மேலே ஒன்றும் சொல்லாமல் டியூப் போட்டார், ட்ரிப் ஏற்றினார். விடிவதற்குள் சோமு போய்விட்டான்.

அவன் உடம்புக்குள் நடந்தது இதுதான். கடுவனின் சிறுநீர்க் குழாய் நீளமானது. நுனிக்குப் போகப்போக மிகவும் ஒடுங்கிவிடும். சிறுநீர்ப்பையின் உட்சுவர் புண்ணாகி வீங்கும்போது அதிலிருந்து உரியும் செல்களும், சளி மாதிரியான பசையும், உப்புத் துகள்களும் சேர்ந்து ஒரு தக்கையாகி அந்த ஒடுங்கிய இடத்தில் செருகிக்கொள்கின்றன. சில சமயம் தக்கைகூட வேண்டாம், வலியில் தசை இறுகிக்கொண்டாலே வழி அடைபடும். வெளியே போக வேண்டியது உள்ளே தேங்குகிறது. சிறுநீரகம் செயலிழக்கிறது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது. ஏறிய பொட்டாசியம் இதயத் துடிப்பை மெல்ல மெல்லக் குறைத்து, கடைசியில் நிறுத்திவிடுகிறது. பெட்டைப் பூனைக்குக் குழாய் குட்டை, அகலமும் அதிகம். அதற்கும் புண் வரும், ஆனால் அடைத்துக்கொள்வது அபூர்வம். கருத்தடை செய்த கடுவன், செய்யாத கடுவன் இரண்டுமே இந்த ஆபத்தில் இருக்கின்றன.

நேரத்தோடு கொண்டுபோனால் பெரும்பாலான பூனைகளைக் காப்பாற்றிவிடலாம். மயக்கம் கொடுத்து மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை நீக்கி, ட்ரிப் ஏற்றி, சில நாள் வைத்துப் பார்ப்பார்கள். வீட்டில் நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர், நெருஞ்சிமுள் கஷாயம் என்று மனிதனுக்குக் கொடுப்பதையெல்லாம் பூனைக்குப் புகட்டாதீர்கள். வெளியே வழியில்லாத இடத்தில் உள்ளே இன்னும் நீரைச் சேர்ப்பதுதான் அது. வயிற்றை அமுக்கிவிடுவது இன்னும் மோசம். விம்மிப்போன பை கிழிந்துவிடும்.

சரி, அந்தப் பை எதனால் புண்ணாகிறது? இங்கேதான் நான் இதை எழுதுவதற்கான காரணம் இருக்கிறது. கிருமி, கல் என்று நாம் நினைப்போம். கல் சில பூனைகளுக்கு உண்டு. ஆனால் இளவயது, நடுவயதுப் பூனைகளிடம் கிருமித் தொற்று குறைவு. சிறுநீர்ப்பைத் தொல்லையோடு வரும் பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றைச் சோதித்துப் பார்த்தால் கிருமியும் இருப்பதில்லை, கல்லும் இருப்பதில்லை. காரணம் தெரியாத சிறுநீர்ப்பை அழற்சி என்றுதான் மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் இந்தப் பூனைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நோயின் வேர் பையில் மட்டும் இல்லை, பூனையின் பதற்றத்தில் இருக்கிறது என்பது அந்த ஆராய்ச்சிகளில் தெரியவந்தது.

2011-இல் அவரும் ஜூடி ஸ்டெல்லா முதலியோரும் வெளியிட்ட ஒரு ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இந்த நோய் உள்ள 20 பூனைகள், நோயில்லாத 12 பூனைகள், எல்லாவற்றையும் 77 வாரம் தினமும் கவனித்தார்கள். சாப்பாட்டு நேரம் மாறுவது, பழகிய பராமரிப்பாளருக்குப் பதில் வேறு ஆள் வருவது போன்ற காரியங்கள் நடந்த வாரங்களில் பூனைகள் குறைவாகத் தின்றன, மலம் சிறுநீர் கழிக்காமல் அடக்கின, அல்லது தொட்டிக்கு வெளியே கழித்தன. நோயுள்ளவை மட்டும் இல்லை, ஆரோக்கியமான பூனைகளும் அப்படியே செய்தன. தினசரி ஒழுங்கு குலைந்தாலே போதும், ஒரு குறையும் இல்லாத பூனைக்கு நோயாளியின் நடத்தை வந்துவிடுகிறது. இதைப் படித்தபோது எனக்கு அத்தையின் பாய்தான் ஞாபகம் வந்தது.

இப்போது ஐப்பசி மாதத்தில் நம் வீடுகளில் பூனைக்கு நாம் செய்வதை அதன் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். பூனை தன் வீட்டைக் கண்ணால் அறிவதைவிட மூக்கால்தான் அதிகம் அறிகிறது. கன்னத்திலும் நெற்றியிலும் உள்ள சுரப்பிகளை மேஜைக் காலிலும் கதவு நிலையிலும் உங்கள் கணுக்காலிலும் தேய்த்துத் தேய்த்து, இது என் இடம், இங்கே பயமில்லை என்று தனக்குத்தானே எழுதிவைத்துக்கொள்கிறது. நாம் பெயின்ட் அடித்து, தரையைக் கழுவி, சோபா உறையைத் துவைத்து அந்த எழுத்தை ஒரே நாளில் அழித்துவிடுகிறோம். பீரோவை நகர்த்துகிறோம், பீரோவின் பின்னால்தான் அது ஒளியும். புது ஆட்களைக் கொண்டுவருகிறோம். தொட்டியை இடம் மாற்றுகிறோம். வெளியே போய்ப் பழகிய பூனையாக இருந்தால் அது தோண்டும் மண்ணெல்லாம் மழையில் சேறாகிக் கிடக்கிறது. இத்தனைக்கும் மேல் பட்டாசு. மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பூனை 64,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கிறது. எலிக்குஞ்சின் கீச்சொலியைப் பிடிப்பதற்காக அமைந்த காது அது. அந்தக் காதுக்குப் பக்கத்தில்தான் லட்சுமி வெடி வெடிக்கிறது.

இவற்றில் ஒன்று தனியாக வந்தால் பூனை சமாளித்துக்கொள்ளும். எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தால்தான் உடைந்துபோகிறது. வீடு மாறுவது, கல்யாணம், வீட்டில் குழந்தை பிறப்பது, இன்னொரு பூனையைக் கொண்டுவருவது, வீட்டுப் பெரியவர் இறந்துபோவது, பிள்ளை கல்லூரி விடுதிக்குப் போவது எல்லாமே இதே கணக்கில் வருபவைதான்.

பூனை ஏன் வாய்விட்டுச் சொல்வதில்லை என்று கேட்கலாம். நாயின் முன்னோர் கூட்டமாக வாழ்ந்தவை. பயம் வந்தால் வாலை இடுக்கிக் குழைந்து, எனக்கு முடியவில்லை என்று காட்டத் தெரிந்தவை. பூனையின் முன்னோரான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனியாகத் திரிந்து வேட்டையாடியது. அதுவே பெரிய விலங்குகளுக்கு இரையாகவும் ஆனது. பலவீனத்தைக் காட்டினால் அன்றே முடிந்துவிடும். சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரின் புதைகுழிக்குப் பக்கத்தில் ஒரு பூனையையும் புதைத்திருப்பதை 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வளவு பழைய சிநேகம் நமக்கும் பூனைக்கும். ஆனாலும் வலியை மறைக்கும் அந்தப் பழக்கம் அதனிடமிருந்து போகவில்லை. உங்கள் மடியில் படுத்துக் குர்குர் என்று ஒலி எழுப்பும்போதும் அது வலியில் இருக்கக்கூடும். சந்தோஷத்தில் எழும் அதே குர்குர் ஒலி காயத்திலும் பிரசவத்திலும் சாகும் நேரத்திலும் வருவதைக் கால்நடை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். சோமுவும் கடைசி இரவில் என் கைக்குள் அப்படித்தான் ஒலித்துக்கொண்டிருந்தான். சரியாகிவிடுகிறான் என்று நம்பினேன்.

அதனால் ஒலியை நம்பாதீர்கள், முகத்தைப் பாருங்கள். பூனையின் முகத்திலிருந்து வலியைக் கண்டுபிடிக்க மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் பாவ்லோ ஸ்டீகால் குழுவினர் ஒரு அளவுகோலையே 2019-இல் வெளியிட்டார்கள். காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலை என ஐந்து இடங்களை அது பார்க்கச் சொல்கிறது. நிமிர்ந்து முன்னோக்கி இருக்க வேண்டிய காதுகள் விலகிப் பக்கவாட்டில் சாய்கின்றன. கண் பாதி மூடி இடுங்குகிறது. உருண்டு தளர்ந்திருக்கும் வாய்ப்பகுதி இறுகி நீள்வட்டமாகிறது. தளர்ந்து வளைந்திருக்கும் மீசை விறைத்து நேராகிறது. தோளுக்கு மேலே இருக்க வேண்டிய தலை தோளுக்குக் கீழே தொங்குகிறது. இன்றைக்கே உங்கள் பூனை நன்றாக இருக்கும்போது அதன் முகத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வரும் நாளில் ஒப்பிட அதுதான் உதவும்.

திமிர் என்ற சொல்லுக்கு வருகிறேன். பூனைக்கு நன்றி கிடையாது, சாப்பாட்டுக்காகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பழிவாங்கும் குணம் உண்டு என்று பாட்டி காலத்திலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். இது உண்மை இல்லை, அதைவிட முக்கியம், இது ஆபத்தானது. தொட்டிக்கு வெளியே பெய்வதைப் பழிவாங்கல் என்று நினைப்பவர் தண்டனை கொடுப்பார். வலியென்று புரிந்தவர் மருத்துவரிடம் போவார். பூனையின் உயிர் இந்த இரண்டு முடிவுகளுக்கு நடுவில் தொங்குகிறது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விடாலி 2019-இல் வெளியிட்ட ஆய்வு பூனைக்குட்டிகளைப் புதிய அறையில் வளர்ப்பவரோடு விட்டு, இரண்டு நிமிடம் அவரை வெளியே அனுப்பி, மறுபடி உள்ளே வரச்செய்து பார்த்தது. வளர்ப்பவர் திரும்பி வந்ததும் ஏறத்தாழ 64 சதவீதக் குட்டிகள் பதற்றம் தணிந்து, அவரிடம் வந்துவிட்டு, தைரியமாக அறையை ஆராயப் போயின. தாயிடம் கைக்குழந்தைகள் நடந்துகொள்ளும் விதமும் விகிதமும் கிட்டத்தட்ட இதேதான். ஜப்பானில் அட்சுகோ சைட்டோ 2013-இல் செய்த ஆய்வில், பூனைகள் தம்மை வளர்ப்பவரின் குரலை அந்நியர் குரலிலிருந்து பிரித்து அறிந்தன. காதைத் திருப்பின, தலையை அசைத்தன. எழுந்து மட்டும் வரவில்லை. கூப்பிட்டால் வராத பூனை நம்மை மதிக்காத பூனை இல்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

அப்படி ஒட்டியிருக்கும் ஜீவனை, பெய்துவிட்டதே என்று ஈரத்தில் மூக்கைத் தேய்த்து அதட்டினால் அதற்கு என்ன புரியும்? அந்த இடத்தில் வலித்தது, அதே இடத்தில் நீங்கள் அதட்டினீர்கள் என்பது மட்டும்தான். பதற்றம் கூடும், புண் கூடும், அடுத்த முறை நீங்கள் பார்க்காத இடத்தில் போய் முக்கும். நான் செய்த அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள்.

கட்டிலுக்கடியில் ஒளிந்த பூனை சாப்பிடாமலும் இருந்தால் அதுவும் தனி ஆபத்து. நாய் நாலு நாள் பட்டினி கிடந்து எழுந்துவிடும். பூனையால், அதிலும் கொழுத்த பூனையால், முடியாது. இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாவிட்டால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய் நிரம்பி அதைச் செயலிழக்கச் செய்துவிடும். பசித்தால் தானாக வரும் என்று விடாதீர்கள். ஒரு நாள் முழுக்கத் தின்னவில்லையென்றால் மருத்துவரைக் கேளுங்கள்.

பூனை பெய்த இடத்தை ஃபினாயில் ஊற்றிக் கழுவுவதும் நம் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். ஃபீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத்தரையில் நடந்து, பாதத்தை நக்கி, நஞ்சை உள்ளே அனுப்பிக்கொள்ளும். வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் போட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட்டால் போதும். அதே கல்லீரல் காரணத்தால்தான் பாராசிட்டமாலும் பூனைக்கு விஷம். உடம்பு சுடுகிறதே என்று ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையை உடைத்துக் கொடுத்தால் பூனை செத்துப்போகும். குழந்தைக்குக் கொடுக்கும் சிரப்பும் கூடாது. மனித மருந்து எதையும் டாக்டரைக் கேட்காமல் பூனை வாயில் வைக்காதீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு உஷார். பட்டாசுக்குப் பயந்து ஒளிந்த பூனையை விருந்தாளிப் பிள்ளைகள் கையை நீட்டி இழுப்பார்கள். பயத்தில் விறைத்திருக்கும் பூனைக்கு அந்த நேரம் யார் கை என்று தெரியாது. சத்தம் ஓய்ந்து பல மணி நேரம் ஆன பிறகும் அந்த விறைப்பு தணியாமல் இருக்கும்; தினமும் தூக்கிக் கொஞ்சுகிறவரையே கடித்துவிடும். பூனையின் பல் ஊசிபோல் ஆழமாக இறங்குவதால் மேலே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே கிருமி தங்கிச் சில மணி நேரத்தில் கை வீங்கும். வெறிநாய்க்கடி நோய் பூனை வழியாகவும் வரும். கடித்தாலோ இரத்தம் வரப் பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் விடாமல் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பூனைக்கும் வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

பெய்கிறது, கடிக்கிறது என்று பூனையைச் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். மீன் கிடைக்குமே, பிழைத்துக்கொள்ளும் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். பிழைக்காது. அந்த இடம் ஏற்கெனவே வேறு பூனைகளின் எல்லை. பயத்தில் உறைந்துபோன வீட்டுப் பூனை சாக்கடை ஓரத்தில் பதுங்கி, தின்னாமல், சிறுநீர் அடைத்து, யாரும் பார்க்காமல் சாகும். வளர்த்த பிராணியைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இந்தத் தீபாவளிக்கு என்ன செய்யலாம்? பூனைக்கென்று ஒரு அறையை, முடியாவிட்டால் ஒரு மூலையை, இப்போதே ஒதுக்கிவிடுங்கள். பெயின்ட் அடிப்பதாக இருந்தால் அந்த அறையைக் கடைசிக்கு விடுங்கள். அது படுக்கும் பழைய துணியைத் துவைக்காமல் அங்கே போடுங்கள். அந்த வாசனைதான் அதற்குத் தைரியம். டிவி வந்த அட்டைப்பெட்டி, பலகாரப் பெட்டி, எதுவானாலும் சரி, ஒரு பக்கம் ஓட்டை போட்டுப் பக்கவாட்டில் வையுங்கள். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் ஒளிவதற்குப் பெட்டி கிடைத்தவை, கிடைக்காதவற்றைவிட வெகுசீக்கிரம் பதற்றம் தணிந்தன என்று 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது. காசு செலவில்லாத வைத்தியம். மண் தொட்டியை அசைக்கவே அசைக்காதீர்கள். ஒரு பூனைக்கு இரண்டு தொட்டி, இரண்டு பூனைக்கு மூன்று என்று வெவ்வேறு இடத்தில் வைத்தால் ஒன்றுக்குப் போகும் வழியில் ஆள் நடமாட்டம் இருந்தாலும் இன்னொன்று இருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள். பாக்கெட் தீனி மட்டுமே தின்னும் பூனை என்றால் உப்பும் காரமும் போடாமல் மீன் வேகவைத்த தண்ணீரைக் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள்; சிறுநீர் நீர்த்துப் போவது அந்தப் பைக்கு நல்லது. சாப்பாட்டு வேளையை விருந்து நாளிலும் மாற்றாதீர்கள். வெடி ஆரம்பிக்கும் முன்பே ஜன்னல், பால்கனிக் கதவைச் சாத்திவிடுங்கள். மிரண்ட பூனை மூன்றாவது மாடியிலிருந்தும் குதிக்கும்.

பூனை ஒளிந்தால் ஒளியவிடுங்கள். இழுக்க வேண்டாம். கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து, முறைத்துப் பார்க்காமல், கண்ணை மெல்ல இடுக்கி மூடித் திறங்கள். சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் இதைச் சோதித்தார்கள். அப்படிக் கண் சிமிட்டியவரைப் பார்த்துப் பூனைகளும் கண்ணை இடுக்கின, அந்நியராக இருந்தாலும் அவர் கையருகே வரத் துணிந்தன. பூனையிடம் நான் ஆபத்தில்லாதவள் என்று சொல்ல நமக்குத் தெரிந்த மொழி இது ஒன்றுதான்.

இன்னொரு காரியத்தையும் இந்த வாரமே முடித்துவிடுங்கள். உங்கள் ஊரில் இரவிலும் பண்டிகை நாளிலும் பூனையைப் பார்க்கும் கால்நடை மருத்துவமனை எது என்று நேரில் போயோ போனிலோ விசாரித்து, எண்ணை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் எந்த நேரம் யார் இருப்பார்கள் என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போன் செய்யும்போது 'பூனைக்கு உடம்பு சரியில்லை' என்று சொல்லாதீர்கள். 'கடுவன் பூனை, முக்குது, மூத்திரம் வரலை' என்று சொல்லுங்கள். அந்த மூன்று விஷயங்களைக் கேட்டதும் எந்த டாக்டருக்கும் அவசரம் புரியும். தூக்கிப்போகக் கூடை இல்லையென்றால் மூடி போட்ட துணிக்கூடை போதும். ஒருமுறை அடைத்த பூனைக்கு மறுபடியும் அடைக்கும் வாய்ப்பு உண்டு. பிழைத்து வந்த பிறகும் தினமும் தொட்டியைப் பார்க்க வேண்டும்.

பண்டிகை வாரம் முழுக்க, வீட்டில் ஒருவர், அவருக்கு வேறு எந்த வேலை இருந்தாலும், காலை ஒரு முறை இரவு ஒரு முறை மண் தொட்டியைப் பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மண் நனைந்திருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். காய்ந்திருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த இரவே கிளம்புங்கள்.